பந்தைக் கொடுத்தவளை யார் எழுதி வைப்பது?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. விஷயம் கூடைப்பந்து. விளையாட்டே பிடிக்காதவர்களும் படிக்கலாம், ஏனென்றால் பாதிக்கு மேல் மார்க் கணக்குதான் பேசப்போகிறேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு வேறு என்ன வரும்?

அமெரிக்காவில் கெய்ட்லின் கிளார்க் என்று ஒரு பெண். 2020 முதல் 2024 வரை அயோவா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் இவரைப் போல ஒரு பாயிண்ட் கார்டு இதுவரை வந்ததில்லை என்று ஒரு கட்சி. பழைய ஆட்களைப் பார்க்காதவர்கள் பேசும் பேச்சு இது என்று எதிர்க்கட்சி. என் பழைய மாணவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தச் சண்டை வந்தது. அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஐந்து பேர் கொண்ட அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, சரியான நேரத்தில் சரியான ஆளிடம் கொடுப்பவர்தான் பாயிண்ட் கார்டு. வகுப்பு லீடர் மாதிரி. அந்தப் பாஸை வாங்கியவர் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவர் கணக்கில் ஒரு ‘அசிஸ்ட்’ சேரும்.

முதலில் கிளார்க்கின் மார்க் ஷீட். நான்கு வருடத்தில் 139 ஆட்டம், 3,951 புள்ளி. 2024 பிப்ரவரி 15 அன்று கெல்சி பிளம் வைத்திருந்த 3,527 புள்ளி சாதனையைத் தாண்டினார். மார்ச் 3 அன்று ஆண்கள் பக்கத்தில் பீட் மாராவிச் வைத்திருந்த 3,667-ஐயும் தாண்டினார். உலகம் முழுக்கச் செய்தி.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, பிப்ரவரி 28 அன்று, அவர் இன்னொருவரையும் தாண்டினார். அதற்கு இத்தனை சத்தம் இல்லை. அவர் பெயர் லினெட் உட்டார்டு. கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1981-இல் முடித்தவர். புள்ளி 3,649.

கணக்கு தெரிந்தவர்கள் இங்கே நிற்பார்கள். 3,649 என்பது 3,527-ஐ விடப் பெரிய எண். அப்படியானால் பிளம் எப்படிச் சாதனையாளர் ஆனார்? காரணம் எளிது. உட்டார்டு ஆடிய காலத்தில் பெண்கள் கல்லூரி விளையாட்டை என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய அமைப்பு நடத்தவில்லை. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்று பெண்களுக்கென ஒரு தனி அமைப்பு நடத்தியது. 1982-இல்தான் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கு முதல் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் வைத்தது. அதற்கு முந்தைய புள்ளிகள் அதன் சாதனைப் புத்தகத்தில் ஏறவில்லை. உட்டார்டு போட்ட பந்து கூடைக்குள் விழுந்தது, ஆனால் புத்தகத்துக்குள் விழவில்லை. அவருக்கும் முன்னால், 1975 முதல் 1979 வரை தென் கரோலினாவின் சிறிய கல்லூரிகளில் ஆடிய பேர்ல் மூர் என்பவர் எடுத்தது 4,061 புள்ளி. அதை கிளார்க்கும் தொடவில்லை.

இனி வினாத்தாளைப் பார்ப்போம். உட்டார்டு ஆடியதும் 139 ஆட்டம்தான். கிளார்க்குக்கு ஆட்டத்துக்குச் சராசரி 28.4, உட்டார்டுக்கு 26.3. ஆனால் உட்டார்டு காலத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் அந்தக் கோடு 1987-88-இல் வந்தது. பெண்களுக்கென்று சற்றுச் சிறிய பந்து வந்தது 1984-85-இல். உட்டார்டு ஆண்களின் பெரிய பந்தைப் பிடித்து ஆடியவர். கிளார்க் போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் 548. ஒவ்வொன்றையும் இரண்டாகக் கணக்கிட்டால் 548 புள்ளி குறைந்து 3,403 ஆகும். உட்டார்டு மேலே போய்விடுவார்.

இதோடு வழக்கு முடிந்தது என்று நான் சொல்லவில்லை. கோடு இல்லாத காலமென்றால் கிளார்க் அத்தனை தூரத்தில் நின்று போட்டிருக்க மாட்டார், கிட்டே போய்ப் போட்டிருப்பார். கோடு இருந்திருந்தால் உட்டார்டு வேறு மாதிரிப் பழகியிருப்பார். ஒரு கோடு ஒரு ஆட்டத்தை எப்படித் திருப்பும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 67, பிரான்ஸ் 66. கடைசி விநாடியில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் போட்ட பந்து கூடையில் விழுந்தது. ஆனால் அவர் கால் அந்தக் கோட்டின் மேல் இருந்ததால் இரண்டு புள்ளிதான். கால் கொஞ்சம் பின்னால் இருந்திருந்தால் சமநிலை. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கும் ஊர் இது. அந்த வேதனை இங்கேயும் கொஞ்சம் இருந்தது.

இந்த ஒப்பிடும் சிக்கல் நமக்குப் பழகியதுதான். பிளஸ் டூ மார்க் 2018 வரை 1,200-க்கு, அதன்பின் 600-க்கு. அதுவும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேயில் கேரளா, ஏனாமில் ஆந்திரா என்று நெடுங்காலம் படித்த பிள்ளைகள் நம்முடையவர்கள். சென்டாக் சேர்க்கை வந்தால் எந்த போர்டு மார்க்கை எதோடு வைத்துப் பார்ப்பது என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கும். வினாத்தாளைப் பார்க்காமல் மார்க்கை மட்டும் பார்க்காதே என்று அப்போது சொல்வோம். விளையாட்டு என்று வந்தால் மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். பாயிண்ட் கார்டை ஏன் புள்ளியால் அளக்கிறோம்? அவர் வேலை கொடுப்பது. கொடுத்த கணக்கில் கிளார்க் 1,144 அசிஸ்ட். பெரிய எண்தான், ஆனால் என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் மூன்றாம் இடம். முதலிடத்தில் இருப்பவர் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 1984 முதல் 1988 வரை ஆடிய சூசி மெக்கானல், 1,307 அசிஸ்ட். அதுவும் 128 ஆட்டத்தில்! ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல். எல்லா வேலையும் செய்தவர் யார் என்று கேட்டால் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் சப்ரினா அயோனெஸ்கு. 2,000 புள்ளி, 1,000 அசிஸ்ட், 1,000 ரீபவுண்ட் மூன்றையும் தொட்ட முதல் ஆள். அவர் கடைசி வருடம், 2020-இல், கொரோனாவால் போட்டியே ரத்தானது. கோப்பை இல்லையே என்று அவரைக் கீழே இறக்க முடியுமா?

கோப்பை என்ற அளவுகோலையும் பார்த்துவிடுவோம். கிளார்க் இரண்டு முறை இறுதிக்குப் போய் இரண்டு முறையும் தோற்றார். 2024-இல் அவரைத் தோற்கடித்த தென் கரோலினா அணியின் கோச் டான் ஸ்டேலி. அவரும் ஒரு காலத்தில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பெரிய பாயிண்ட் கார்டுதான். 1991 இறுதியில் கூடுதல் நேரத்தில் மூன்று புள்ளியில் தோற்றவர். ஆட்டக்காரராகக் கல்லூரிக் கோப்பை அவருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக் தங்கம் மூன்று வாங்கினார். அந்த 2024 இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் டி.வி.யில் பார்த்தவர்கள் 1.89 கோடிப் பேர். ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் 1.48 கோடி. தோற்றும் இத்தனை பேரைப் பார்க்க வைத்தது கிளார்க்கின் ஆட்டம்.

சரி டீச்சர், உங்கள் தீர்ப்பு என்ன என்பீர்கள். சொல்கிறேன். பாஸ் கொடுப்பதில் மெக்கானல். எல்லா வேலையும் செய்வதில் அயோனெஸ்கு. புள்ளியில் உட்டார்டையும் மூரையும் மரியாதையோடு மேலேயே வைப்பேன். ஆனால் ஒரே வருடத்தில் நாட்டிலேயே அதிகச் சராசரிப் புள்ளியும் அதிகச் சராசரி அசிஸ்ட்டும் ஒருவரே எடுப்பது 2021-22-இல் கிளார்க் செய்யும் வரை என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுப் பெண்கள் ஆட்டத்தில் நடக்காதது. 2023-24-இல் மறுபடியும் செய்தார். போடுவது, கொடுப்பது என்ற இரண்டு பாரத்தையும் ஒரே தோளில் சுமந்ததில் அவருக்கு இணை இல்லை. இது என் கட்சி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மேலே இத்தனை சண்டை போட முடிந்தது எதனால்? யாரோ ஒருவர் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸையும் எழுதி வைத்ததால். மெக்கானல் என்ற பெண் நாற்பது வருடத்துக்கு முன் கொடுத்த பந்தை புதுச்சேரியில் உட்கார்ந்து நான் எண்ணுகிறேன்.

நம் பக்கம் வாருங்கள். சென்னையின் அனிதா பால்துரை. தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே 18 ஆண்டு இந்திய அணிக்கு ஆடியவர், 19 வயதில் கேப்டன், ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப், 2021-இல் பத்மஸ்ரீ. எத்தனை வருடம், எத்தனை போட்டி, எத்தனை பதக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை பேருக்குப் பந்து கொடுத்துக் கூடை போட வைத்தார் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவரோடு இன்றைய ஒரு கல்லூரிப் பெண்ணை ஒப்பிட வேண்டுமானால் எதை வைத்து ஒப்பிடுவது?

காரணம் மேஜையிலேயே இருக்கிறது. கூடைப்பந்தின் அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? யார் புள்ளி எடுத்தார், யார் ஃபவுல் செய்தார், எப்போது டைம் அவுட் என்பதற்கெல்லாம் கட்டம் உண்டு. அசிஸ்ட்டுக்குக் கட்டம் கிடையாது. பெரிய போட்டிகளில் அதற்குத் தனி ஆள் போடுவார்கள். பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் யார் போடுகிறார்கள்? பாயிண்ட் கார்டின் முக்கியமான வேலை விசில் ஊதியதும் காற்றில் போய்விடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். பெயர் வேண்டாம். பள்ளிப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன நாட்களில் பார்த்தவள். உயரம் குறைவு. தானாகப் பந்து போடுவது அபூர்வம். ஆனால் அவள் வெளியே உட்கார்ந்தால் அணியே தடுமாறும், உள்ளே வந்தால் மற்ற நால்வருக்கும் கண் திறந்த மாதிரி இருக்கும். அடுத்த கட்டத் தேர்வுக்கு ஆள் எடுத்தபோது ஸ்கோர் ஷீட்டைப் புரட்டிப் புள்ளி அதிகம் எடுத்தவர்களைக் குறித்தார்கள். இவள் பெயருக்கு நேரே நான்கோ ஆறோதான். விட்டுவிட்டார்கள். சர்டிபிகேட் இல்லாததால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் கிடைக்கவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டாள். அவளிடமிருந்து பந்து வாங்கிப் போட்ட பிள்ளைகளில் இரண்டு பேர் தேர்வானார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, நன்றாக ஆடினார்கள். கொடுத்தவளுக்கு ஒரு கட்டம் இல்லாததுதான் குறை.

ஆகவே உடற்கல்வி ஆசிரியர் நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உப்பளத்திலோ லாஸ்பேட்டையிலோ உங்கள் பிள்ளைகள் ஆடும்போது, ஆடாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுங்கள். நான்கு கோடு போட்டால் போதும்: பெயர், அசிஸ்ட், ரீபவுண்ட், பந்தைத் தவறவிட்டது. எது அசிஸ்ட் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆட்டம் முடிந்ததும் தேதி போட்டு, கோச் ஒரு கையெழுத்துப் போடட்டும். தேர்வுக்குழு கேட்காவிட்டாலும் அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து காட்டினால் மூன்றாம் வருடம் அவர்களே கேட்பார்கள். கல்லூரி ஆட்டங்களுக்கும் இதே வழிதான்.

கிளார்க் பெரியவரா, மெக்கானல் பெரியவரா என்று கமென்ட்டில் தாராளமாகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். கூடவே, உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ நன்றாகப் பந்து கொடுத்து ஆடிய ஒரு பெண்ணை யாராவது நினைவு வைத்திருந்தால், அவள் எப்படி ஆடினாள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஸ்கோர் ஷீட்டில் விட்டுப்போனது இங்கேயாவது இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு டீச்சர்