மைதானத்தில் தட்டும் கை உரிமைக்கும் உயரட்டும்!

வெள்ளையன் 1860ல் இயற்றிய 377வது பிரிவு, மனமொத்த வயது வந்தோர் மீது செல்லாதென்று 2018 செப்டம்பர் 6ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2019ல் ஒடிசா நெசவாளி மகள், ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், தன் துணை ஒரு பெண்ணே என்று பகிரங்கமாக அறிவித்தார். ஆனால் திருமண உரிமை? அது பார்லிமெண்டின் பொறுப்பென்று 2023 அக்டோபர் 17ல் கோர்ட் கைகழுவிவிட்டது.

பார்லிமெண்ட் தானாக அசையாது. அமெரிக்காவில் வட கரோலினாவின் பாரபட்சச் சட்டத்தை எதிர்த்துப் பெரிய கூடைப்பந்துப் போட்டியையே வேறு ஊருக்கு மாற்றினார்கள். 2017ல் அச்சட்டத்தின் முக்கியப் பகுதி ரத்தாயிற்று.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்த் தோழர்களே! சங்கச் சந்தா வாங்கும்போது யாரை நேசிக்கிறாய் என்றா கேட்கிறோம்? பந்தாட்ட மைதானத்தில் அந்த இழிசொல்லை ஒழிப்போம். ஓட்டுக் கேட்டு வருவோரிடம் இந்த உரிமைக்கும் பதில் கேட்போம்!