நடுக் கட்டத்தை யார் நிரப்புவது?

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)

எங்கள் துறையில் மோட்டார் பழுது பார்ப்பதற்கென்று ஒரு அட்டவணை உண்டு. மொத்தம் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் கோளாறு, நடுக் கட்டத்தில் காரணம், கடைசிக் கட்டத்தில் நிவர்த்தி. மோட்டார் சூடாகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். லோடு அதிகமா? பேரிங் தேய்ந்து போயிற்றா? மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லையா? ஒவ்வொன்றுக்கும் நிவர்த்தி வேறு வேறு. காரணத்தை எழுதாமல் நிவர்த்தியை மட்டும் எழுதினால் எங்கள் சார் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நண்பர்களே, ஒரு மோட்டாருக்குக் காட்டுகிற இந்த மரியாதையைக்கூட நாம் மனுஷ உடம்புக்குக் காட்டுவதில்லை என்பதுதான் என் கட்சி.

நம் வீடுகளில் முதல் கட்டத்திலிருந்து நேராக மூன்றாவது கட்டத்துக்குத் தாவிவிடுகிறோம். காய்ச்சலா, ஒரு ஊசி. இருமலா, ஒரு சிரப். அசதியா, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்து! அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று தடிமனான செப்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, "இனிமே போவாது பாரு" என்று ஸ்டூலிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். உண்மைதான், ஃபியூஸ் போகாது. உள்ளே வயர் எரியும்.

எல்லா வியாதியைப் பற்றியும் எழுத எனக்குத் தகுதி கிடையாது. நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள், அவ்வளவுதான். ஆகவே நம் வகுப்பிலேயே, நம் பெஞ்சிலேயே, நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரே ஒரு வியாதியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். ரத்த சோகை.

"அட, இதுவா?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்த சோகை. 15 முதல் 49 வயதுவரைப் பார்த்தால் தமிழ்நாட்டில் 100க்கு 53 பெண்கள். பையன்கள் சிரிக்க வேண்டாம், ஆண்களிலும் நாலில் ஒருவருக்கு இருக்கிறது.

ரத்தம் குறைந்து போச்சு என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் ரத்தத்தின் அளவு குறைவதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் குறைகிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் உடம்பெங்கும் இறக்குகிற லாரி அது. அந்த லாரியைச் செய்ய இரும்பு வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராமாவது இருக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 11. இதற்குக் கீழே போனால் இதயம் அதே சரக்கை இறக்குவதற்கு அதிக ட்ரிப் அடிக்கிறது. படபடப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலைவலி, எதிலும் கவனம் நிற்காதது எல்லாம் அதனால்தான். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கும். நாக்கு வெளுக்கும். ரொம்ப முற்றினால் நகம் ஸ்பூன் மாதிரிக் குழியும்.

இன்னொரு அறிகுறி இருக்கிறது, அதை நாம் அறிகுறி என்றே நினைப்பதில்லை. ஊற வைக்காத பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்பது, பல்பம் கடிப்பது, விபூதி, சாம்பல், மண் தின்பது. "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்டி" என்று எங்கள் ஆயா சொல்லிச் சிரிக்கும். எத்தனை வீட்டில் சிரித்திருப்பார்கள்! இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படிக் கண்டதைத் தின்னும் ஆசை வருவது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். எல்லோருக்கும் அதனால்தான் என்று சொல்லவில்லை. ஆனால் அரிசி டப்பா சீக்கிரம் காலியாகிறது என்றால் பெண்ணைத் திட்டுவதைவிட ரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது.

இனி அந்த நடுக் கட்டத்துக்கு வருகிறேன். "சாப்பாட்டில் சத்து இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது ஒரு காரணம்தான். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் தோல் வழியே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற கொக்கிப்புழு ஒரு காரணம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இன்னொன்று. சாப்பாட்டில் இருக்கிற இரும்பை டீயும் காபியும் உடம்பில் சேரவிடாது. நம் கேண்டீனில் காலை டிபனே டீயும் பன்னும்தான். ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு வீட்டில் சாப்பிட ஏது நேரம்? பிறகு மாதவிலக்கு. இதை மலரில் எழுதலாமா என்று என் தோழி கேட்டாள். எழுதாமல் எப்படி? மாசா மாசம் போகிற ரத்தத்தோடு இரும்பும் போகிறது. அது அளவுக்கு மீறிப் போனால் எவ்வளவு கீரை தின்றாலும் ஈடு கட்டாது.

எங்கள் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். ரெண்டு வருஷம் "கை கால் ஓஞ்சு போவுது" என்று சொல்லிக்கொண்டே கலவைச் சட்டி தூக்கினார். தெருமுனை மருந்துக் கடையில் சிவப்பு டானிக் கொடுத்தார்கள். ஒரு கிளினிக்கில் மூன்று தடவை குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரை லிட்டர் பாட்டில், 5 சதவீதம் என்று மேலே எழுதியிருக்கும். பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கணக்கு தெரியும், 25 கிராம் சர்க்கரை. அஞ்சாறு ஸ்பூன்! அதற்கு ஒரு நாள் கூலி போயிற்று. அன்று சாயங்காலம் அம்மா தெம்பாக இருப்பார், மறுநாள் பழைய கதைதான். கடைசியில் ஒரு நாள் ரெண்டாவது மாடிச் சாரத்துக்குச் சட்டியோடு ஏறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தார், விழவில்லை. அது எங்கள் நல்ல காலம்.

அரசு மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.4. அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "உனக்கு எத்தனை நாள் போவுதும்மா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "பத்து நாள், பன்னெண்டு நாள்" என்றார். கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, தேற்றி, பிறகு ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். நான் கேட்பது இதுதான்: இரண்டு வருஷத்தில் அந்த ஒரு கேள்வியை வேறு யாரும் ஏன் கேட்கவில்லை? டானிக்கில் இரும்பு இருந்திருக்கலாம். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றினால் எப்படி நிற்கும்?

காரணத்தைத் தேடிப் போனவர்கள் உலகத்துக்கே உபகாரம் செய்திருக்கிறார்கள். லூசி வில்ஸ் என்று ஒரு ஆங்கிலேய டாக்டர் 1928ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ரத்த சோகையால் செத்துக் கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய சிவப்பணுக்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெரிது பெரிதாக இருந்தன. இது வேறு கோளாறு என்று அந்த அம்மையார் விடாமல் தேடினார். கிருமியா என்று பார்த்தார், அப்புறம் அந்தப் பெண்கள் சாப்பிடுவது என்ன, சாப்பிடாதது என்ன என்று ஆராய்ந்தார். நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் கொஞ்ச காலம் ஆய்வு செய்தார். கடைசியில் ரொட்டியில் தடவுகிற மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் பசை அவர்களைப் பிழைக்க வைப்பதைக் கண்டுபிடித்து 1931ல் வெளியிட்டார். அதிலிருந்த சத்தை 1941ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்ற பொருளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்குப் பள்ளியில் தருகிற நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறதே, அதற்கு மூலம் இதுதான்.

அதனால்தான் நானே கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்பதும் சரியான வழி இல்லை. எல்லா ரத்த சோகையும் இரும்பு இல்லாததால் வருவதல்ல. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் பரம்பரையாக வரும் அரிவாள் அணு நோய் இருப்பதை 1952லேயே கண்டு சொல்லியிருக்கிறார்கள். அங்கே கோளாறே வேறு. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புவதும் இதே ரகம்தான், அவற்றில் இரும்பு கொஞ்சம்தான். நம் பாட்டிமார் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கிக் கொடுத்தார்களே, அதில் விஷயம் இருக்கிறது. கம்பு, எள், முருங்கைக்கீரையும் நல்லது. கூட ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் பிடிக்கும். ஆனால் 8, 9 என்று இறங்கியவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

அந்த மாத்திரையைத்தான் பாதியில் விட்டுவிடுகிறோம். மலம் கருப்பாகப் போகிறது என்று பயம். அது சேராத இரும்பு வெளியே போவது, பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் பிரட்டினால் டாக்டரிடம் சொல்லிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். டீக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு மாசத்தில் தெம்பு வந்துவிடும், உடனே நிறுத்திவிடுவார்கள். மேல் தொட்டி நிரம்பினால் போதுமா, கீழே சம்ப்பும் நிரம்ப வேண்டாமா? ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பிறகும் உடம்பின் இருப்பு நிரம்ப சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும்.

இனி நம் பேரவைக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் ரத்ததான முகாம் நடத்துகிறீர்கள், போட்டோ எடுக்கிறீர்கள், மலரில் போடுகிறீர்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ரத்தம் கொடுக்க 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். அந்தக் கரைசலின் ஒப்படர்த்தி 1.053. சொட்டு மூழ்கினால் தேர்வு, மிதந்தால் தோல்வி. இந்த வருஷ முகாமில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற நாலு பெண்களில் மூன்று பேருக்குச் சொட்டு மிதந்தது. "ரத்தம் கம்மி, நல்லா சாப்பிடும்மா" என்று ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். ரெண்டு பையன்களும் அப்படித் திரும்பினார்கள், அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்தவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒரு மாசம் இருந்தது. திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்?

பள்ளியில் படித்தபோது வாரம் ஒரு நாள் டீச்சர் கண் முன்னாலேயே இரும்பு மாத்திரை விழுங்க வைத்தார். 10 முதல் 19 வயது வரைக்கும் உள்ள திட்டம் அது. பள்ளியில் படிப்பவர்களுக்குப் பள்ளியில், படிப்பை நிறுத்திய பெண்களுக்கு அங்கன்வாடியில் தருகிறார்கள். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் வந்தவள் பள்ளியிலும் இல்லை, படிப்பை நிறுத்தியவளும் இல்லை. நான் சேர்ந்த நாளிலிருந்து இங்கே ஒரு மாத்திரையும் என் கைக்கு வரவில்லை. வயது மட்டும் திட்டத்துக்குள்தான் இருந்தது! நாள் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு ஃபைல் தேய்க்கிற பெண்ணுக்கு மயக்கம் வந்தால், "பொண்ணுங்களுக்கு எதுக்கும்மா மெக்கானிக்கல்?" என்ற கேலிதான் கிடைக்கிறது.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. முகாமில் சொட்டு மிதந்தவர்களுக்கு, பெயரை வெளியே சொல்லாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். அங்கே பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். முதலாம் ஆண்டு சேர்க்கை முடிந்ததும், பையன் பெண் எல்லோருக்கும், ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை நாள் வையுங்கள். வார மாத்திரை நம் கல்லூரிக்கும் வரும்படி பேரவைத் தீர்மானம் போட்டு முதல்வர் வழியாக சுகாதாரத் துறைக்கு அனுப்புங்கள். கேண்டீன் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கிறார்களாம், காலையில் டீயும் பன்னும் தவிர ஒரு சுண்டல் வேண்டும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பேரவைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் வகுப்புக்கு வருகிற எல்லா அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் இந்த வருஷம் நான் கேட்கப் போகிற முதல் கேள்வி அந்தச் சீட்டைப் பற்றித்தான்.