பன்றியின் இதயமும் எங்கள் பிள்ளைகளும்



உயிரியல் வகுப்பிலே பன்றியின் இதயத்தை வெட்டிப் பார்க்கும் நாள் நெருங்கும்போது, எம்மவர் வீடுகள் சிலவற்றில் பிள்ளைக்குத் திடீரெனக் காய்ச்சல் வந்துவிடுகின்றது. காய்ச்சல் பிள்ளையின் உடலிலன்று, பெற்றோர் பாடசாலைக்கு எழுதும் கடிதத்திலேயே உள்ளது. சைவ உணவு, விரதம், அருவருப்பு என உண்மைக் காரணங்கள் பலவாயினும், அவற்றை எழுதுவாரில்லை. இவ்வழக்கம் நிறுத்தப்படல் வேண்டும் என்பதே எனது கருத்தாகும்.

டென்மார்க்கிலே பன்றிகளின் தொகை மக்கள் தொகையினும் அதிகம். உணவுக்கென வெட்டப்பட்ட பன்றியின் இதயம், நுரையீரல், கண் முதலியனவே பெரும்பாலும் வகுப்பறைக்கு வருகின்றன. பாடத்துக்காக ஓர் உயிர் தனியே கொல்லப்படுவதில்லை. ஊரில் நாம் செய்தது வேறு. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் நான் கற்றபோதும், பின்னர் கற்பித்தபோதும், தேரையை உயிரோடு பிடித்து வந்து, குளோரபோமினாற் கொன்ற பின்னரே மெழுகுத் தட்டில் விரித்துக் குண்டூசி குத்தினோம். (முதல்நாள் மாலை வயலோரம் தேரை தேடி அலைவதே பாதிப் பாடமாயிருந்தது!) கொல்லாமையை முன்வைத்து அதனை ஒருவர் மறுப்பாராயின் அவரோடு எனக்கு வழக்கில்லை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2011இல் இம்முறையைப் படிப்படியாகக் குறைக்குமாறு வழிகாட்டி, 2014இல் விலங்கியற் படிப்புகளில் அதனை நிறுத்துமாறு பணித்தது. ஆனால் அங்கே எழுந்த வினா கொலை பற்றியது. எங்கள் வீடுகளில் எழுவதோ தீட்டும் அருவருப்பும் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கலாகாது.

புத்தகப் படத்தில் இதயத்தின் வலப்பக்கம் நீலமாகவும் இடப்பக்கம் சிவப்பாகவும் இருக்கும். கையில் எடுத்த இதயத்தில் அந்நிறங்கள் இல்லை. விரலை விட்டுத் தடவும்போதுதான் இடது இதயவறைச் சுவர் வலதினும் எவ்வளவு தடிப்பானது என்பது புலப்படும். வலது அறை அருகிலுள்ள நுரையீரலுக்கும், இடது அறை உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ளுவதே அதன் காரணம். வால்வுகளை இழுத்துப் பிடித்திருக்கும் வெண்ணிற நாண்களையும் எந்த ஓவியரும் உள்ளபடி வரைந்து காட்டியதை நான் கண்டதில்லை. பருமனிலும் அமைப்பிலும் பன்றியின் இதயம் எமது இதயத்தை ஒத்தது. அதன் வால்வுகளைக் கொண்டு மனிதரின் பழுதுற்ற வால்வுகளை மாற்றுவது இன்று வழமையான சத்திரசிகிச்சை. 2022 சனவரியில் அமெரிக்காவில், மரபணு மாற்றப்பட்ட பன்றியின் இதயம் ஒருவருக்குப் பொருத்தப்பட, அவர் இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். நாளை வைத்தியசாலையில் எமக்கே பன்றி வால்வு வேண்டுமென்று சொன்னால், அன்றும் காய்ச்சல் என்போமா?

இந்நாட்டு ஆசிரியர்களின் மனப்பாங்கையும் நாம் அறிதல் நன்று. 2014 பெப்ரவரியில் கொப்பன்கேகன் மிருகக்காட்சிச்சாலையில் மாரியுஸ் என்னும் ஒட்டகச்சிவிங்கி கொல்லப்பட்டு, சிறுவர்களும் பார்த்திருக்க வெட்டிக் காட்டப்பட்டது. உலகம் கொதித்தது. ஆயினும் மறு ஆண்டே ஓடன்சேயில் ஒரு சிங்கம் அவ்வாறே வெட்டிக் காட்டப்பட்டது. மாரியுசைக் கொன்றது சரியென நான் வாதிடவில்லை. உடலின் உள்ளே இருப்பதைப் பிள்ளைக்கு மறைக்கலாகாது என்பது இவர்களின் கொள்கை. பொய்க் கடிதத்தினும், “என் மனம் ஒப்பவில்லை” என்னும் நேர்ச்சொல்லையே இவர்கள் மதிப்பர்.

அந்தச் சொல் பிள்ளையினுடையதாய் இருத்தல் வேண்டும். 1987இல் கலிபோர்னியாவில் ஜெனிபர் கிரகம் என்னும் மாணவி தவளையை வெட்ட மறுத்து நீதிமன்றம் வரை சென்றார். மறு ஆண்டே அம்மாநிலத்தில் மறுக்கும் உரிமை சட்டமாயிற்று. மாணவர்களே, உங்களுக்கும் மனம் ஒப்பாவிடின் ஆசிரியரிடம் நீங்களே சென்று கூறி, வேறு பயிற்சி கேளுங்கள்.

பெற்றோர்க்கு இன்னுமொன்று. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே எம்மவர்க்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூல் 1872இல் தமிழில் அச்சேறியது. எமது மாணவர்களுக்கோ ‘யெர்டெகாமர்’ என்னும் டெனிஸ் சொல் தெரியும். அதுவும் எமது ‘இதயவறை’யும் சொல்லுக்குச் சொல் ஒன்றே என்பது தெரியாது. ஆகவே பாடம் முடிந்து வரும் பிள்ளையிடம் “கையைக் கழுவினாயா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், இடது இதயவறைச் சுவர் எத்தனை விரற்கடை தடித்திருந்தது என்றும் கேளுங்கள்.