சூடும் இல்லை, சுத்தக்குறைவும் இல்லை

ஊரில் "வெள்ளைப்படுது" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தோம். டெல்லிக்கு வந்தபின் "சஃபேத் பானி" என்று டாக்டரிடம் முனகுகிறோம். மொழிதான் மாறியது, கூச்சம் மாறவில்லை. இந்த இரண்டுமே ஒரு நோயின் பெயர் அல்ல என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஃபோனில் வரும் வைத்தியம் எப்போதும் ஒன்றுதான்: "உடம்புல சூடு, வெந்தயம் சாப்பிடு." எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுக்கலாக வருவது இயல்பு. அதற்கு வைத்தியமே வேண்டாம். நோய் என்றால் அதில் வகைகள் உண்டு.

பூஞ்சைத் தொற்றுக்கு முதல் அடையாளம் அரிப்பு. தூங்கவிடாத அரிப்பு. திரிந்த பால் மாதிரி கெட்டியான வெள்ளை, நாற்றம் பெரிதாக இருக்காது. அந்த இடம் சிவந்து வீங்கும், சிறுநீர் பட்டால் எரியும்.

மீன் வாடையோடு நீர்த்து, சாம்பல் நிறத்தில் வந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா. நுரைத்து மஞ்சள் பச்சையாக வந்தால் ட்ரைக்கோமோனாஸாக இருக்கலாம். அதற்குக் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

"எல்லாத்துக்கும் ஒரு ட்யூப்தானே" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வரும் கணவன்மார்களே, கொஞ்சம் நில்லுங்கள். பூஞ்சை மருந்து பாக்டீரியாவைத் தொடாது. அரிப்புக்கு என்று கடைக்காரர் தரும் க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அரிப்பு அடங்கும், பூஞ்சை வளரும். கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தாங்களாகப் போடவே கூடாது.

இதைவிட அநியாயம், "சுத்தமா இல்ல", "எங்கேர்ந்து ஒட்டிச்சு?" என்ற சந்தேகக் கேள்விகள். கேண்டிடா பல பெண்களின் உடம்பில் சும்மா குடியிருக்கும் பூஞ்சை. ஆன்டிபயாடிக், கர்ப்பம், கட்டுப்படாத சர்க்கரை என்று ஏதாவது இடம் கொடுத்தால் பெருகும். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருவது, யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் இல்லை. சோப்புப் போட்டு உள்ளே கழுவினால் இன்னும் மோசமாகும். வருஷத்தில் மூன்று நான்கு தடவை திரும்ப வந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள்.

இங்கே டாக்டரிடம் சொல்ல மூன்று வார்த்தை போதும்: அரிப்பு குஜ்லி, எரிச்சல் ஜலன், நாற்றம் பத்பூ. எது இருக்கிறது, எது இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். கணவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். வயசுக்கு வந்த மகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், தமிழிலேயே.