கடலில் தள்ளிவிட்டால் கழிவு தீர்ந்துவிடுமா?

தொண்டாமுத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது நொய்யல். அங்கே தெளிந்த நீராகப் புறப்படும் அந்த ஆறு, திருப்பூரைத் தாண்டியபின் என்ன ஆனது? ஒரத்துப்பாளையம் விவசாயிகளைக் கேளுங்கள்! பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட அணை, சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டியவர்கள், அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று போராடினார்கள்!

கடைசியில் 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்குப் பூட்டு. முதலாளி முதல் கூலித் தொழிலாளி வரை தவித்தனர். பனியன் வியாபாரத்தை நம்பியிருந்த நம் சமுதாய இளைஞர்களும் அந்த வேதனையை அறிவார்கள்.

அந்த நாட்களில் பலர் முன்வைத்த வழி, கழிவுநீரைக் குழாய் பதித்துக் கடலுக்குள் விடுவது. கேட்பதற்கு எளிது. ஆனால் சாயமேற்ற உப்பு வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்பு போகாது. கடலில்தான் ஏற்கெனவே உப்பு இருக்கிறதே என்கிறார்கள். உப்போடு சேர்ந்து போகும் ரசாயனத்துக்கு யார் பொறுப்பு? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயில் எங்காவது உடைப்பு ஏற்பட்டால் யாருடைய வயல் பாழாகும்? குஜராத்தில் ஜேத்பூர் சாயக்கழிவைப் போர்பந்தர் கடலுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து 2024-ல் மீனவர்கள் வீதிக்கு வந்தார்களே, ஏன்? நம் வீட்டுக் குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டுவதற்குப் பெயர் தீர்வா?

திருப்பூர் வேறு வழியைக் காட்டியது. சவ்வு வடிகட்டி, ஆவியாக்கிகள் மூலம் நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. மாநில அரசும் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பட்டறைகள் மீண்டும் திறந்தன.

இதற்குச் செலவு அதிகம்தான். மின்கட்டணமே சிறு பட்டறைக்காரரை நசுக்குகிறது. எனவே அரசு தொடர்ந்து கைகொடுக்க வேண்டும். திருட்டுத்தனமாகக் கழிவு விடுவோரைத் தண்டிக்க வேண்டும். நேர்மையாகச் சுத்திகரிப்பவர் நஷ்டப்பட, ஏய்ப்பவர் லாபம் பார்ப்பது என்ன நியாயம்?

வியாபாரிகளே! விலை பேசும்போது சுத்திகரிப்புக் கூலியையும் கணக்கில் சேருங்கள். இளைஞர்களே! கோவை நகரச் சாக்கடை இன்றும் நொய்யலில் கலக்கிறது, அதையும் தட்டிக்கேளுங்கள். ஆற்றைக் கெடுத்த தவறுக்குக் கடலைக் கெடுப்பது பரிகாரம் ஆகாது.

சிந்திப்போம்! செயல்படுவோம்!