பூங்கா புகலிடமே, தாயகம் அன்று

இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவிற்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள், கண்ணாடி மாளிகைகளின் முன் நின்று நிழற்படம் எடுத்து, மலர்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றன. அழிவின் விளிம்பில் நிற்கும் தாவரங்கள் பல அம்மாளிகைகளுக்குள்ளேயே காக்கப்படுகின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போர் மிகச் சிலரே.

1895ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் நொயே காட்டில், பனையை ஒத்த தோற்றமுடைய 'என்செபலார்டோஸ் வூடி' என்னும் தொன்மையான தாவரம் கண்டறியப்பட்டது. அங்கிருந்தது ஒரே ஓர் ஆண் தாவரம். அதன் பக்கக்கன்று ஒன்று 1899இல் கியூவிற்கு வந்து இன்றுவரை வாழ்கிறது. ஆயினும் பெண் தாவரம் எங்கும் கிடைக்கவில்லை. காட்டில் அவ்வினம் இன்றில்லை. உலகப் பூங்காக்களில் உள்ளவை யாவும் அந்த ஒன்றின் கன்றுகளே.

மொரீசியசுக்கு உரிய ரொட்ரிகஸ் தீவின் 'கஃபே மரோன்' செடியின் கதை வேறு. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அச்செடியில் ஒன்றைப் பள்ளி மாணவன் ஒருவன் 1980ஆம் ஆண்டளவில் கண்டெடுத்தான். 1986இல் அதன் துண்டுகள் கியூவிற்கு அனுப்பப்பட்டன. செடி பூத்தது, காய்க்கவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப்பின், 2003இல் தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனா அதனைக் காய்க்கச் செய்தார். விதைகள் தாயகத்தீவிற்கே திரும்பின.

சசெக்சில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கியூவின் விதை வங்கி, ஏறத்தாழ 40,000 இனங்களின் விதைகளை உறைகுளிரில் காக்கிறது. ஆனால் மா, பலா போன்றவற்றின் விதைகள் உலர்த்தினால் இறந்துவிடும். இத்தகையவற்றிற்கு உயிருள்ள தோட்டங்கள் இன்றியமையாதவை.

இவற்றிலிருந்து புலனாகும் உண்மை ஒன்றே. பூங்கா ஒரு புகலிடம். அது காலத்தை ஈட்டித் தரும். காட்டை ஈட்டித் தராது. திரும்பிச் செல்ல மண் இல்லாத தாவரம், எத்துணைப் பேணப்பட்டாலும், காட்சிப்பொருளாகவே எஞ்சும். பூங்காக்கள் இருப்பதாலேயே காடுகளை இழக்கலாம் என்று எண்ணுவது பெரும் பிழை.

ஆகவே, பிள்ளைகளைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அரிய செடி ஒன்றின் முன் நின்று மூன்று வினாக்களை எழுப்பட்டும்: இதன் தாயகம் எது? அங்கு எத்தனை எஞ்சியுள்ளன? இது திரும்பிச் செல்ல இடம் இருக்கிறதா? மூன்றாம் வினாவிற்கு விடை தேடும் இளையோரே நாளைய காடுகளின் காவலர் ஆவர்.