அவர்களின் 'நீ'யும் எங்களின் 'திருமதி'யும்



வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நெருங்கினால் எங்கள் முள்ளியவளை களைகட்டிவிடும். காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் அந்த நாட்களில் புலம்பெயர் நாடுகளில் இருந்தும் உறவுகள் வந்து சேர்வார்கள். பூசை முடிந்து மரநிழலில் இருந்து கதைக்கும்போது "ஜேர்மனியிலை அப்பிடி", "நோர்வேயிலை இப்பிடி" என்று விவாதம் தொடங்கிவிடும். வெள்ளைக்காரருக்கு மரியாதை தெரியாது என்பார் ஒருவர். அவர்கள்தான் பெண்களை மதிக்கத் தெரிந்தவர்கள் என்பார் இன்னொருவர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். ஆளை ஆள் எப்படி அழைப்பது என்ற ஒரு விடயத்தை மட்டும் எடுத்து இம்மாதம் ஆறுதலாகப் பார்ப்போம்.

தொலைபேசியில் பேரப்பிள்ளை "அம்மம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டால் சிலருக்கு முகம் வாடிவிடும். பிள்ளையை வளர்த்த முறை சரியில்லை என்று மகளோடு மனத்தாங்கலும் வந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளை நோர்வேயில் வளர்ந்தால், பாடசாலையில் ஆசிரியரையும் வைத்தியசாலையில் வைத்தியரையும் 'டூ' என்றே அழைக்கும். 'டூ' என்றால் 'நீ'. அந்த மொழியில் மரியாதைக்கு வேறொரு சொல் இருந்தாலும் அது பேச்சு வழக்கில் இருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. பக்கத்து நாடான சுவீடனிலும் முன்னர் பட்டம், பதவி சொல்லித்தான் ஒருவரை அழைத்தார்கள். 1967 இல் அங்கு சுகாதாரத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற புரூர் ரெக்செட் என்பவர், தன் ஊழியர் அனைவரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்த நாட்களில் நாடு முழுவதும் பரவிவந்த மாற்றத்துக்கு அவருடைய அறிவிப்பு அடையாளமாகிவிட்டது. பெரியவர், சிறியவர் என்ற பேதம் வேண்டாம் என்பதே அவர்கள் எண்ணம். ஆகவே பேரப்பிள்ளையின் 'நீ' அவமரியாதை அல்ல. 'நீங்கள்' என்று சொல்லும்படி அன்போடு பழக்குங்கள். கோபித்துத் தொலைபேசியை வைத்துவிட வேண்டாம்.

ஜேர்மனியிலும் பிரான்சிலும் கதை வேறு. ஜேர்மன் மொழியில் நெருங்கியவருக்கு 'டூ', மற்றவருக்கு 'சீ'. எங்கள் காதுக்கு அருவருப்பாகக் கேட்கும் அந்தச் சொல்தான் அவர்களின் 'நீங்கள்'. பிரெஞ்சில் நெருக்கமானவரை அழைக்கும் சொல்லோ காறித் துப்புவதைப்போல 'தூ' என்று கேட்கும்! மரியாதை ஒலியில் இல்லை, ஊர் கூடி ஏற்றுக்கொண்ட வழக்கத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கணவரிடம் ஜேர்மனிக்குப் போக விரும்பும் பெண்கள் 2007 ஆம் ஆண்டு முதல் பொதுவாக விசாவுக்கு முன்பே அடிப்படை ஜேர்மன் மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டியுள்ளது. அப்படிப் படிக்கும் தங்கைமாருக்கு இந்த 'டூ', 'சீ' வேறுபாடு முதற் பாடங்களில் ஒன்று.

அவர்களுக்கு இரண்டு படி என்றால் எங்களுக்கு மூன்று: நீ, நீர், நீங்கள். கணவர் மனைவியை 'நீர்' என்பார், 'நீ' என்றும் சொல்வார். மனைவியோ 'நீங்கள்' என்பாள். கூப்பிடும்போது பெயரும் சொல்லாமல் 'இஞ்சேருங்கோ' என்பாள். மரியாதை தெரிந்தவர்கள் என்று பெருமைப்படும் நாங்கள், அந்த மரியாதை எந்தப் பக்கம் மட்டும் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. கந்தையாவின் மகன் ரவி அங்கே போனால், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பனின் பெயர் போய் உட்கார்ந்துவிடும். கலியாணம் முடித்துப் போகும் பெண் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டால் அவளும் 'ஃபிரௌ கந்தையா' ஆகிவிடுவாள். மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூசும் வழக்கத்தில் வளர்ந்தவள், வைத்தியசாலையில் அதே பெயரைக் கூப்பிட எழுந்து போகவேண்டும்.

'ஃபிரௌ' என்பது வளர்ந்த பெண் எவருக்கும் உரிய மரியாதைச் சொல். முன்னர் அப்படி இருக்கவில்லை. மணமாகாத பெண்ணை, அவருக்கு அறுபது வயதானாலும், 'ஃபிரொய்லைன்' என்றே அழைத்தார்கள். 'சின்னப் பெண்' என்பது போன்ற சொல் அது. மணமாகாத ஆணுக்கு அப்படியொரு 'சின்ன' சொல் கிடையாது. பெண்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். 1972 இல் மேற்கு ஜேர்மனியின் உள்துறை அமைச்சு அந்தச் சொல்லை அரச அலுவல்களில் இருந்து நீக்கியது. பிரான்சில் 'மத்மொசெல்' என்ற சொல்லை அரச படிவங்களில் இருந்து அகற்றப் பெண்கள் அமைப்புகள் 2012 வரை போராட வேண்டியிருந்தது. அவர்கள் பிறவியிலேயே பெண்ணை மதித்தவர்கள் அல்லர்; கேட்டுத்தான் பெற்றார்கள்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? ஆணுக்கு எப்போதும் 'திரு'. பெண்ணுக்கு மட்டும் 'செல்வி', 'திருமதி', அதற்குக் கீழே 'விதவை' என்ற கட்டம். போரிலே கணவரை இழந்த அக்கா எதிலே அடையாளம் இடுவது? கையில் ஒப்படைத்த கணவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை அறியாத தங்கை எதிலே இடுவது? உயிரோடு இருக்கிறார் என்று நம்புபவரிடம் 'விதவை' என்று எழுதச் சொல்வது பேனையால் செய்யும் கொடுமை. அதனாலேயே மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று மறுத்த பெண்கள் பலர். 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழைப் பெற இடமளித்தது. நீதி இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு சொல்லுக்காகப் பிடிவாதமாக நிற்பது வீண்வேலை அல்ல என்பதை அது காட்டுகிறது.

எங்கள் பேச்சு மொழி எங்கள் படிவங்களைவிட நல்லது. அக்கா, தங்கச்சி, ரீச்சர், அன்ரி என்று கூப்பிடும்போது யாரும் தாலி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சிங்கப்பூர்த் தமிழர் 'திருவாட்டி' என்ற சொல்லையும் வழங்குகிறார்கள். அரச படிவத்தை நாங்கள் நாளைக்கே மாற்ற முடியாது. ஆனால் மாதர் சங்கத்தின் வரவுப் பதிவும், சிக்கனக் குழுவின் கணக்குப் புத்தகமும், கோயில் அழைப்பிதழும் எங்கள் கையில்தான் இருக்கின்றன. அவற்றிலே பெண்ணின் பெயரை மட்டும் முழுமையாக எழுதுங்கள். நிலை தெரியவேண்டிய உதவித் திட்டம் என்றால் அதைத் தனியாக, மற்றவர் காதில் விழாமல் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் புதிய பதிவுப் புத்தகம் திறக்கும்போது இதைப் பேசி முடிவெடுங்கள்.